கடைசிப் பாகத்தில் தலைவர் தூங்கிவிட்டார்

மருதமுனை றமீஸ் பென்டிரைவில் கொண்டுவந்தான்.
நாலு பாகம். இங்கிலீசு.
அவனே பக்கத்தில் நின்று தமிழில் சொன்னான்.

எங்கேயோ ஒரு காட்டை வெட்டி
ஐந்நூறு வருடத்துக்கு முந்தின ஊர் ஒன்றைக்
கட்டிவைத்திருக்கிறான் ஒரு கிழவன்.
பலகைக் கோட்டை, துணிக்கொடி,
சனி ஞாயிறு மட்டும் ராசா ஆட்சி.
டிக்கெட் எடுத்தால் நீங்களும் குடிமக்கள்.

இடம்: பெரியகல்லாறு, எங்கள் கழகக் கட்டடம்.
வருகை: பதினேழு பேர், ஒரு நாய்.
குறிப்பெடுப்பது என் பழக்கம்.
ஒன்பது வருடமாய்ச் செயலாளர் நான்.

முதல் பாகத்தில் சிரித்தோம்,
வெல்வெட்டுக்குள் வியர்த்து வடியும் சேனாதிபதிக்கு,
ஈட்டியோடு குதிரையில் வந்தவன்
விழுந்து ஒழும்பி
முதலில் கைபேசியைத் தேடினதுக்கு.
"நம்மட தலையணைச் சண்டைதான் கா இது,
குதிரைதான் கூட" என்றா திலகேஸ்வரி.
சரிதான். சித்திரை பிறந்தால் நாங்களும்
வழுக்குமரத்துக்குக் கிரீஸ் பூசுகிறோம்,
கண்ணைக் கட்டிக்கொண்டு யானைக்குக் கண் வைக்கிறோம்.

இரண்டாம் பாகத்தில் சிரிப்பு நின்றது.
ராசாவுக்கு எண்பத்தொன்று.
இறங்கப்போகிறேன் என்கிறான்.
வரிசையில் மூன்று பேர்:
இருபது வருடமாய்க் கணக்குப் பார்க்கிறவள்
(அவன் மருந்துப் பெட்டியை அடுக்குவதும் அவள்தான்),
குதிரைக்காரன்,
தண்ணிப்போத்தல் விற்றுத் தடித்த மருமகன்.
காலையில் ஒருவருக்குச் சாவிக்கொத்து.
பின்னேரம் பிடுங்கல்.

"அந்தப் பொம்புளைக்குக் குடுக்கலாமே," கிருஷாந்தி.
"கணக்கு வேற, கதிரை வேற," பொருளாளர் இன்பராசா.
பெனடிக்ட் மாஸ்டர் கச்சான் கோதை ஊதிவிட்டுச் சொன்னார்:
"இறங்கப்போறன் எண்டு சொல்றவன் இறங்கமாட்டான்.
ஏணிய ஆட்டிறது ஆரெண்டு
மேல நிண்டு பாக்கான்."

யாரும் முன்வரிசையைப் பார்க்கவில்லை.

முன்வரிசையில்,
கைபிடி உடையாத ஒரே கதிரையில்,
ரிமோட்டை மடியில் வைத்தபடி
தலைவர் பூபாலபிள்ளை.
இருபத்திரண்டு வருடம்.
ஒவ்வொரு தையிலும்
"இந்தமுறை இளம் ஆக்கள் வாங்க" என்பார்.
ஒவ்வொரு மாசியிலும்
அவர் பெயரை நானே முன்மொழிவேன்.
வழிமொழிவது இன்பராசா.

ராசா அழுதபோது சத்தத்தைக் கூட்டினார்.
மருமகன் வாய் திறந்தபோது குறைத்தார்.
"பாவம், அந்தாள் கட்டின ஊரெல்லா" என்றார்,
எங்களுக்கா டீவிக்கா தெரியவில்லை.

கடைசிப் பாகத்தில் தூங்கிவிட்டார்.
ரிமோட் நழுவி நாய்க்குப் பக்கத்தில் விழுந்தது.
குனிந்து எடுக்க ஒருவரும் இல்லை.
சத்தம் ஐந்தில் நின்றது.
றமீஸ் காதைத் திரையில் ஒட்டிவைத்துப்
பாதி கேட்டான், பாதி ஊகித்தான்.

முடிவு இதுதான்:
ராசா யாருக்கும் கொடுக்கவில்லை.
மழை விட்ட வெறும் மைதானத்தில்
கூலிக்காரன் ஒருவனைக் கூப்பிட்டு,
அந்தக் கம்பம் சரிஞ்சிருக்கு, நிமித்து, என்கிறான்.
திரை கறுத்தது. நாய் எழும்பிப் போனது.

மறுநாள் சங்கக்கடையடியில் தலைவர் கேட்டிருக்கிறார்:
"மறுகா என்ன நடந்த? ஆருக்குக் குடுத்த?"
"கணக்குப் பாத்தவளுக்குத்தான்" என்றான் இன்பராசா.
"மருமகனுக்கு" என்றான் விதுசன்,
தலைவரின் தங்கச்சி மகன்.
எலக்சன் வைத்தார்களாம், இது திலகேஸ்வரி.
தானும் தூங்கிவிட்டதாய்
மாஸ்டர் சத்தியம் பண்ணினார்.

பின்னேரம் என் போட்டோகொப்பிக் கடைக்கு வந்தார்.
பொதுக்கூட்ட அறிவித்தல், நூறு பிரதி.
மெஷின் சூடாகும்வரை நின்றார்.
நான் கேள்வியை எதிர்பார்த்தேன், வந்தது.

"இன்னும் ஒரு பாகம் வரவேணுமாம்" என்றேன்.

"அப்ப பொறுத்துப் பாப்பம்" என்றார்,
முகம் தெளிந்து,
காசை எண்ணிவைத்து,
பிரதிகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு.

ஒன்று மெஷினில் சிக்கிக் கிடந்தது, பிறகு உருவினேன்.
புதிய நிருவாகத் தெரிவு.
திகதிக்கு நேரே புள்ளிக்கோடு.
கீழே அவர் கையெழுத்து, நல்ல கறுப்பில்.

பொய்யை நான் குறிப்பில் எழுதவில்லை.